'நோ' மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஸ்பானிஷ் பாடத் தொடரை முதல் வாரத்திலிருந்தே விடாமல் படித்து வருகிறேன், தமிழில் இப்படி ஒன்று வருவதே பெரிய சந்தோஷம். ஆனால் போன வாரம், செய்யாதே என்று சொல்ல கட்டளைச் சொல்லுக்கு முன்னால் 'நோ' போட்டால் போதும் என்று எழுதி, 'ஆப்லா' என்றால் பேசு, 'நோ ஆப்லா' என்றால் பேசாதே என்று உதாரணமும் கொடுத்துவிட்டீர்கள். இது தவறு. 'நோ ஆப்லா' என்றால் 'அவர் பேசுவதில்லை' என்று அர்த்தம். பேசாதே என்பதற்கு 'நோ ஆப்லெஸ்' என்று சொல்ல வேண்டும்.

நானும் இப்படித்தான் படித்திருந்தேன். மெக்சிகோவில் இருக்கும் ஒருவரிடம் போனில், எனக்காகக் காத்திருக்காதே என்று சொல்ல நினைத்து 'நோ எஸ்பேரா' என்றேன். அவர் 'யார்?' என்று கேட்டார். யாரோ காத்திருக்கவில்லை என்று நான் தகவல் சொல்வதாக அவருக்குப் பட்டிருக்கிறது. 'நோ மே எஸ்பேரெஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்காகக் காத்திரு என்னும்போது அந்த 'மே' ('என்னை' என்ற சொல்) வினையோடு கடைசியில் ஒட்டிக்கொண்டு 'எஸ்பேராமே' ஆகும், மறுக்கும்போது வினைக்கு முன்னால் போய்விடும்.

விதி என்னவோ சுலபம்தான். அகராதியில் 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு ('ஆப்லார்' மாதிரி) மறுப்பில் 'எ' வரும், 'ஏர்', 'ஈர்' என்று முடிகிற வினைகளுக்கு 'ஆ' வரும். கோமே என்றால் சாப்பிடு, 'நோ கோமாஸ்' என்றால் சாப்பிடாதே. எஸ்கிரீபே என்றால் எழுது, எழுதாதே என்பதற்கு 'நோ எஸ்கிரீபாஸ்'. இலக்கணப் புத்தகங்கள் இதை 'சப்ஜங்க்டிவ்' என்று பெரிய தலைப்பில் வைத்து பயமுறுத்துகின்றன, ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. பேசு, பேசாதே என்று நம் வினையும் மறுப்பில் முடிவை மாற்றிக்கொள்கிறதே! ஆங்கிலத்தில்தான் 'டோன்ட்' சேர்த்ததும் வேலை முடிந்துவிடுகிறது, வினை அசையாது. அந்தப் பழக்கத்தில் ஸ்பானிஷுக்குள் போவதால்தான் இந்தத் தவறு வருகிறது என்று நினைக்கிறேன். தமிழிலிருந்தே நேராகச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. மரியாதையாகப் பேசும்போது நீங்கள் எழுதிய விதி சரியாகவே வரும். 'ஆப்லே' என்றால் பேசுங்கள், 'நோ ஆப்லே' என்றால் பேசாதீர்கள். பலரிடம் சொல்லும்போதும் ஆப்லென், நோ ஆப்லென், அவ்வளவுதான். நீ என்று அழைக்கும் இடத்தில்தான் வடிவம் மாறுகிறது, அப்புறம் ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்திடம் பேசும்போதும் மாறும்: ஆப்லாத், நோ ஆப்லேய்ஸ்.

அருங்காட்சியகங்களில் 'நோ தொகார்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாசகர்கள் குழம்பலாம். அது நம் ஊர் 'தொடக்கூடாது' பலகை மாதிரி, பொதுவாக எல்லோருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் தொடாதே என்று சொல்ல 'நோ தோகெஸ்'தான். எழுதும்போது மட்டும் 'சி' எழுத்துக்குப் பதில் 'க்யூ', 'யு' இரண்டும் வரும், இல்லாவிட்டால் 'க' ஓசை போய்விடும்.

அடுத்த இதழில் தயவுசெய்து திருத்தம் போடுங்கள். உதாரணத்துக்கு 'நோ தே ப்ரெயொகூபெஸ்', கவலைப்படாதே, என்பதைக் கொடுங்கள், தினமும் காதில் விழுகிற வாக்கியம்.

இப்படிக்கு,
தொடரின் வாசகர், மதுரை