கிறிஸ்துமஸ் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாதா என்ன?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கிரெடிட் கார்டு பில்லின் போட்டோவைப் பார்த்தேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய் என்பதால் எழுதுகிறேன். திட்டுவதற்காக இல்லை. அத்தனை நீள பில்லில் இருப்பதெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் மற்றவர்களுக்கு வாங்கிய பரிசுகள், உனக்கென்று வாங்கியது ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று போட்டிருக்கிறதே, அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. மாதம் 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36 என்று மனக்கணக்குப் போடுவோம். வட்டிக்கு வட்டி ஏறுவதால் அது 42-ஐத் தாண்டிவிடும். பாக்கி நிற்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிற கார்டுகள் நிறைய. ஆகவே இந்தப் பாக்கி தீரும் வரை அந்தக் கார்டை எடுக்காதே. ஆத்திர அவசரத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, சேமிப்பில் மிச்சம் இருப்பதை எடுத்து அடைத்தாலும் லாபம்தான். "இப்போது வாங்கு, நான்கு தவணையில் கட்டு" என்று வருகிறதே, அதிலும் கவனமாக இரு. ஒரு தவணை தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். ஆறு பேருக்கு அப்படி வாங்கினால் பிப்ரவரி வரை ஆறு தவணை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும்.

சரி, இனி அடுத்த டிசம்பரைப் பற்றி.

"இந்த வருஷம் எதிர்பாராமல் செலவாகிவிட்டதுப்பா" என்றாய். அங்கேதான் எனக்கு இடித்தது. பல் வலி எதிர்பாராமல் வரலாம். வண்டி பழுதாகலாம். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 அன்றுதான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். உன் நாத்தனார் பிறந்தநாளும் ஒவ்வொரு வருடமும் அதே தேதியில்தான் வரும். தேதி தெரிந்த செலவை அந்த மாதச் சம்பளத்தின் தலையில் கட்டுவதால்தான் அது திடீர்ச் செலவு மாதிரி தெரிகிறது. ஆண்டு முழுக்கப் பிரித்துப் போட்டால் அது பால், கரண்ட் பில் போல இன்னொரு மாதச் செலவு, அவ்வளவுதான்.

ஒரு நோட்டு எடுத்துக்கொள். போனிலேயே எழுதினாலும் சரி. பொருளை எழுதாதே, ஆட்களை எழுது. யார் யாருக்குப் பிறந்தநாளுக்குக் கொடுக்கிறாய், யாருக்குக் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கிறாய், யாருக்கு இரண்டுக்கும். பக்கத்தில் தேதி. கல்யாணத்துக்கு முன் உன் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கும். இப்போது மாப்பிள்ளை வீட்டு ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். பட்டியல் இரண்டு மடங்கானது கண்ணில் பட்டிருந்தால், ஒவ்வொருவருக்கும் பழைய அளவிலேயே வாங்கியிருக்க மாட்டாய்.

அதன்பிறகுதான் பணம். அதிலும் முதலில் மொத்தத் தொகை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி, கடைசியில் கூட்டிப் பார்த்து, "அய்யோ" என்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து, வாடகை, கடன், சேமிப்பு எல்லாம் போக மாதம் எவ்வளவு எடுத்து வைத்தால் கை கடிக்காது என்று முடிவு செய்யுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் ஆண்டின் பரிசுப் பணம். போன வருடம் எவ்வளவு செலவானது என்று பார்ப்பது நல்லதுதான், நவம்பர் முதல் ஜனவரி வரை பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். ஆனால் அதை இந்த வருடத்தின் இலக்காக வைக்காதே. அது நடந்துபோன செலவு, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்கு 120 என்று வைத்துக்கொள், எந்த ஊர்ப் பணம் என்பது வேண்டாம். மாதம் 10 எடுத்து வைத்தால் போதும் என்று தோன்றும். உன் பட்டியலில் உள்ள பிறந்தநாள்கள் மாதத்துக்கு ஒன்றாக வரிசையில் வரப்போவதில்லை. முதல் மூன்று மாதத்தில் 45 செலவு வந்தால், அதற்குள் கையில் சேர்ந்திருப்பது 30 மட்டும். மார்ச்சிலேயே பை காலி, நீ மறுபடியும் கார்டை எடுப்பாய். அதனால் தேதி வரிசையில் எழுதி, எந்த மாதம் பள்ளம் விழுகிறது என்று பார்த்து, அந்தப் பள்ளத்தை நிரப்பும் தொகையை முதல் மாதமே கூடுதலாகப் போட்டுவிடு. மேலே சொன்ன கணக்கில் அது 15. முடியாவிட்டால் முதல் வருடம் மட்டும் அந்த மூன்று மாதப் பரிசுகளைச் சின்னதாக்கிவிடு.

இந்தப் பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு "மனதில் பிரித்து வைத்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதே. 1909-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து கார்லைல் என்ற ஊரில் ஒரு பேங்க் கிறிஸ்துமஸ் சேமிப்புத் திட்டம் தொடங்கியது. வாரா வாரம் சின்னத் தொகை போட வேண்டும், பணம் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் கைக்கு வரும். அந்த நாடு முழுக்க அது பரவியது. இப்படிப்பட்ட கணக்குகளில் வட்டி பெரிதாக இருக்காது, நடுவில் எடுப்பதும் சிரமம். பொருளாதார நோக்கில் பார்த்தால் அதில் பணம் போடுவது முட்டாள்தனம். மக்கள் போட்டது அந்தப் பூட்டுக்காக. 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் பணத்தை மனதுக்குள் தனித்தனிக் கணக்காகப் பிரித்து வைத்துக்கொண்டு நடந்துகொள்வதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார். நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தனியாக ஒரு கணக்கு திற, சம்பளம் வந்த மறுநாள் தானாகப் பணம் அங்கே போகும்படி வை. அந்தக் கணக்கின் டெபிட் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொள்ளாதே.

ஆட்களுக்குப் பிரிக்கும்போது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடு. பரிசுத்தாள், வாழ்த்து அட்டை, கூரியர் எல்லாம் யார் பெயரிலும் எழுதப்படாத செலவுகள். ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்று கவர் சுற்றி வருமே, அதுவும் இதில்தான். கவர் வரும்போது எவ்வளவு போடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, எல்லோருக்கும் ஒரே தொகை என்று முன்பே வைத்துக்கொள்.

இதுவரை சொன்னது கணக்கு. அதை நீ என்னைவிட நன்றாகவே போடுவாய். உன் பில்லை ஏற்றியது கணக்குத் தெரியாததில்லை, கூச்சம் என்று நினைக்கிறேன். "அவங்க நமக்கு அவ்வளவு நல்லதா வாங்கித் தந்தாங்க, நாம குறைவா தர முடியுமா?" இதே கேள்வியை இந்நேரம் எதிர்ப்பக்கத்திலும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-லேயே இதை எழுதிவிட்டார். பரிசு பார்க்கத்தான் இலவசம், கொடுக்கவும் வாங்கவும் திருப்பிச் செய்யவும் ஒரு கட்டாயம் அதற்குள்ளேயே இருக்கிறது என்று. அதனால், ஒருவருக்குப் பரிசின் விலையை நீ தீர்மானிக்கும்போது, அவர் உனக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய தொகையையும் சேர்த்தே தீர்மானிக்கிறாய். இதை மட்டுமாவது நினைவில் வை. உன் கொழுந்தனார் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்றாய். அவருக்கு நீ வாங்கிய அந்த வாட்ச் அன்புதான், சந்தேகமில்லை. உன் அடுத்த பிறந்தநாளுக்குள் அவர் எவ்வளவு திரட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாயா?

ஏறிவிட்ட அளவை எப்படி இறக்குவது? சொல்லாமல் இறக்கினால் மனத்தாங்கல்தான் வரும். சொல்லிவிட்டு இறக்கு. டிசம்பரில் சொல்லாதே, அதற்குள் பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல நேரம். மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளைதான் பேச வேண்டும், நீ பேசாதே. மருமகள் வந்ததும் செலவைக் குறைக்கச் சொன்னாள் என்று ஒரு பேச்சு எழ வேண்டாம். எங்கள் பக்கம் நீயே பேசு. நீட்டி முழக்க வேண்டியதில்லை. "இந்த வருஷம் பெரியவங்க நமக்குள்ள சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கலாமா?" என்று கேட்டால் போதும். நிறைய வீட்டில் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

இதில் மிச்சமாவது கொஞ்சமில்லை. பத்துப் பேர் கூடும் வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் கொடுத்தால் மொத்தம் 90 பரிசு. சீட்டுப் போட்டால் 10. ஆளுக்கு ஒன்பது சின்னச் சாமான்களுக்குப் பதில் ஒன்றை யோசித்து வாங்கலாம். (ஒரு வேடிக்கை: சீட்டைக் குலுக்கி எடுக்கும்போது யாராவது ஒருவருக்காவது தன் பெயரே வந்துவிடும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம். பத்துப் பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான். மறுபடி குலுக்கத் தயாராக இருங்கள்.) உச்சவரம்பு ஒன்றைச் சொல்லியே வையுங்கள், இல்லாவிட்டால் சீட்டிலும் போட்டி வந்துவிடும்.

விலை குறைந்தால் அன்பு குறைந்ததாக நினைப்பார்களோ என்ற பயமும் உனக்கு இருக்கிறது. ஃபிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் இதைத்தான் பார்த்தார்கள். விலை ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறும் என்று கொடுப்பவர்கள் நினைத்தார்கள். பரிசைப் பெற்றவர்களிடம் கேட்டால், விலைக்கும் மகிழ்ச்சிக்கும் அப்படி ஒரு தொடர்பைக் காணோம். 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் மாணவர்களிடம் கேட்டுக் கணக்குப் போட்டார். கிடைத்த பரிசுக்கு அவர்களே போட்ட மதிப்பு, கொடுத்தவர்கள் செலவழித்ததைவிடப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்தது. அந்தக் கணக்கில் நேச மதிப்பைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லித்தான் கேட்டார். நேசத்தைக் கழித்துவிட்டுப் பரிசை எடை போடுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதில் ஒன்று சரி. நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் மதிப்பு அதிகம் நின்றது, தூரத்துச் சொந்தம் கொடுத்ததில் அதிகம் கரைந்தது. எப்போதாவது பார்க்கும் பெரியப்பா பேரனுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? அவன் அம்மாவிடம் கேள். இல்லை, கவரில் பணம் வைத்துக் கொடு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தோழிகள் விஷயம் எளிது. "இனி பரிசு வேண்டாம், பிறந்தநாளுக்கு ஒன்றாக வெளியே போவோம்" என்று சொல்லிவிடு. குழந்தைகளுக்கு மட்டும் குறைக்காதே. ஆனால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து ஒரு குழந்தைக்கு ஒரே பொருள் வாங்கலாம். ஆளுக்கொன்று கொடுத்தால் நாலாவதைப் பிரிக்கும்போதே முதலாவது கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

வருடம் முழுக்க மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி அலமாரியில் வைக்கிறேன் என்கிறாய். நல்ல பழக்கம்தான், வாங்கிய அன்றே அந்த ஆளின் பெயருக்கு நேராக எழுதி, தொகையைக் கழித்துவிடும்வரை. எழுதாவிட்டால் டிசம்பரில் அதே ஆளுக்கு மறுபடி வாங்குவாய். பிளாக் ஃபிரைடே என்று நவம்பர் கடைசியில் வருகிற தள்ளுபடி விற்பனைக்குக் கையில் பட்டியலோடு போ. பட்டியலில் இல்லாத ஆளுக்குப் பாதி விலையில் வாங்கினால், பாதி விலை முழுக்க உன் நஷ்டம்.

எங்களையும் அந்தப் பட்டியலில் எழுதியிருப்பாய். எனக்கு எதிரே சின்னத் தொகையாகப் போடு. படிக்கிற கண்ணாடிக்கு ஒரு நல்ல கூடு வேண்டும், அதுதான் இந்தப் பிறந்தநாளுக்கு நான் கேட்பது, வேறு எதுவும் வாங்காதே. அம்மா தனக்கு ஒன்றும் வேண்டாம் என்பாள், நம்பாதே. அவளுக்கு என்ன வேண்டும் என்று தனியாக மெசேஜ் போடுகிறேன்.

அப்புறம், சம்பந்தி இருவரின் பிறந்தநாள் தேதியையும், உன் நாத்தனார் குழந்தைகளுடையதையும் எழுதி அனுப்பு. நாங்களும் மாதா மாதம் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டோம், எங்கள் நோட்டில் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா