செம்மண் நின்ற நிற்பு

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி காரணமில்லை. ரிட்டையர் ஆனவனை மறுபடி குழிக்குள் இறக்கிவிட்டார்கள். ஒரு வணிகக் கட்டடம், கீழே கார் நிறுத்த ஒரு தளம், நாலு மீட்டர் ஆழம்.

நான் போனபோதே மூன்று மீட்டர் தோண்டியாகிவிட்டது. முட்டு ஒன்றுகூட இல்லை. மேஸ்திரி குழிக்கரையைத் தட்டிக் காட்டினார்: "நம்ம செம்மண்ணு சார், மைசூர்பாகு வெட்டினாப்ல நிக்குது பாருங்க." நின்றது உண்மைதான், எனக்குப் பயமே அதுதான். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற கொஞ்ச ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். நல்ல மழை இறங்கினால் அந்தப் பிடி போய்விடும். மேலே ஏறிப் பார்த்தேன். கரையிலிருந்து ரெண்டு முழம் தள்ளி, நூல் கனத்தில் ஒரு விரிசல், கரையோடு கூடவே ஓடியது. வீட்டுச் சாவியை விட்டால் முழுசாக உள்ளே போகிறது. அதன் மேலேயே தோண்டிய மண்ணைக் குவித்திருந்தார்கள்! கரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டு என்று மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் அச்சடித்தே இருக்கும். யார் படிக்கிறார்கள்?

அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். மண் கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்தால், நாலு மீட்டர் கரை, நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 5 டன் தள்ளும். பின்னால் தண்ணீர் மேல்வரை தேங்கினால் தண்ணீர் மட்டுமே 8 டன். அதனால் துளை போட்டு ஐ-பீம் (ஆங்கில 'I' வடிவ இரும்புத் தூண்) நிறுத்தி, நடுவே பலகை, பலகைக்கு இடையில் தண்ணீர் வடிய இடுக்கு, உள்ளிருந்து முட்டு என்று முடிவு செய்தேன். "மூணு மாசத்துல பிடுங்கிப் போடற இரும்புக்கா இவ்வளவு?" என்றார் உரிமையாளர்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய குழி இடிந்து, பக்கத்து நிக்கல் ஹைவே சாலையும் சரிந்த 2004 ஏப்ரல் 20, நீ அந்த ஊரில்தானே இருந்தாய். நாலு உயிர். அங்கே முதலில் விட்டுக்கொடுத்தது முட்டு போய், குழிச் சுவரோடு படுக்கையாக ஓடுகிற குறுக்குச் சட்டத்தில் உட்கார்கிற இணைப்புதான். சுவர் நகர்வதைக் கருவிகள் காட்டியும், எவ்வளவு நகரலாம் என்ற வரம்பைத் திருத்திக்கொண்டு வேலையை நடத்தினார்கள். அதை நினைத்துத்தான் இங்கே இணைப்பை முதலில், முழு அளவில் வரைந்தேன்.

பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று இழுத்தடித்தார்கள். சரி, அதுவரை அங்கே ஆள் இறங்கக் கூடாது என்று கயிறு கட்டினேன். போன புதன் ராத்திரி மலைப் பக்கமிருந்து வந்த மழை கொட்டித் தீர்த்தது. காலையில் போனால், முட்டுக் கொடுத்த பக்கம் பலகை இடுக்கில் செந்தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. பின்பக்கம் டிராக்டர் டிராக்டராக மண் சரிந்து கிடக்கிறது. கயிறு கட்டுவதற்கு முன்னால் கம்பி கட்டுகிறவர்கள் நிழலுக்கு ஒதுங்கிச் சோறு தின்ற இடம் அது.

மேஸ்திரி ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாளே இரும்பு வந்து இறங்கியது.

அடுத்த மாதம் மேல்தளம் போட்டு, கான்கிரீட் இறுகிய பிறகுதான் முட்டுகளைக் கழற்ற வேண்டும். அதற்குள் அவசரப்படுவார்கள், அதனால் அன்று நானே நிற்பேன். நீ லீவில் வருவதாக எழுதியிருந்தாயே, அந்த வாரமாக வாயேன். சாயங்காலம் தட்டுவடை செட் என் செலவு.

உன்,
மாணிக்கம்