பில்போர்டு பட்டியலை மக்கள் தீர்ப்பு என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இசைத் தொழிலின் உள்விவகாரங்களைத் தமிழில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. அதற்காகக் கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனாலும் இரண்டு இடங்கள் உறுத்தின. பத்திரிகையின் கதை 1958இல் ‘ஹாட் 100’ என்ற வாராந்தரப் பாடல் தரவரிசைப் பட்டியலோடு தொடங்குவதுபோல எழுதியிருக்கிறார். அந்தப் பட்டியலில் முதலிடம் பெறுவது ‘மக்கள் அளித்த தீர்ப்பு’ என்றும் எழுதியிருக்கிறார். முன்னது தகவல் பிழை. ஒரு வரியில் திருத்திவிடலாம். பின்னதை அப்படி விட்டுவிட என்னால் முடியவில்லை.

பில்போர்டு பிறந்தது 1894 நவம்பர் 1ஆம் தேதி, ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில். வில்லியம் டொனால்ட்சன், ஜேம்ஸ் ஹென்னகன் என்ற இருவர் தொடங்கினார்கள். சுவரொட்டி ஒட்டும் தொழிலில் இருந்தவர்களுக்கான எட்டுப் பக்க மாத இதழ் அது. விலை 10 சென்ட். பாட்டுக்கும் அதற்கும் அன்று சம்பந்தமே கிடையாது. ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டச் சொன்னவர்கள் சர்க்கஸ்காரர்கள், பொருட்காட்சி நடத்தியவர்கள், நாடகக் குழுவினர். ஆகவே அவர்களைப் பற்றிய செய்திகளும் மெல்லப் பத்திரிகைக்குள் வந்தன. 1900இல் டொனால்ட்சன் 500 டாலர் கொடுத்து, கடனையும் தலையில் ஏற்றுக்கொண்டு, கூட்டாளியின் பங்கை வாங்கினார். மாத இதழ் வார இதழாயிற்று.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். சர்க்கஸிலும் நாடகத்திலும் இருந்தவர்களுக்கு நிலையான முகவரி கிடையாது. இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர். வீட்டிலிருந்து தாய் எழுதும் கடிதம் அவர்களை எப்படிச் சென்றடையும்? பில்போர்டு அலுவலகத்தின் முகவரிக்கு எழுதலாம் என்று அந்தப் பத்திரிகை ஏற்பாடு செய்தது. யார் யாருக்குக் கடிதம் வந்து காத்திருக்கிறது என்று பெயர்களை வரிசையாக இதழில் அச்சிட்டார்கள். தன் பெயரைக் கண்ட கலைஞர், அடுத்து எந்த ஊரில் இருப்பேன் என்று எழுதிப்போட்டால் கடிதம் அங்கே வந்து சேரும். எந்தப் பாட்டு எந்த இடத்தில் என்று அச்சிடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பத்திரிகை அச்சிட்ட பெயர்ப் பட்டியல் இது. பில்போர்டின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதியும் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. 1920இல், கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலான பத்திரிகை அலுவலகங்களின் கதவு திறக்காத காலத்தில், ஜேம்ஸ் ஆல்பர்ட் ஜாக்சன் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரை டொனால்ட்சன் வேலைக்கு அமர்த்தி, கறுப்பினக் கலைஞர்களின் செய்திகளுக்கென்றே தனிப் பக்கத்தை ஒப்படைத்தார்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். 1936 ஜனவரியில் பில்போர்டு முதன்முதலாக ஒரு பாடல் வரிசையை வெளியிட்டது. 1940 ஜூலை 27ஆம் தேதியிட்ட இதழில் இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் வந்தது. முதலிடத்தில் இருந்தது டாமி டோர்சி குழுவினரின் தட்டு. அதில் பாடியிருந்த இளைஞர் ஃபிராங்க் சினாட்ரா. இந்தப் பட்டியல்கள் யாருக்காக வெளிவந்தன? எந்தத் தட்டை எத்தனை வாங்கி அடுக்குவது என்று அறியக் காத்திருந்த கடைக்காரர்களுக்காக. உணவு விடுதிகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை வைத்திருந்தவர்களுக்காக. எந்தத் தட்டை எடுத்துவிட்டு எதைப் போடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நாளிதழில் வரும் கோயம்பேடு விலைப்பட்டியலைப் பார்த்து, கத்தரிக்காயைவிட முருங்கைக்காய் சுவையானது என்று மக்கள் தீர்ப்பளித்துவிட்டதாக யாரும் எழுதுவதில்லை. இதுவும் வியாபாரிக்கான குறிப்புத்தான்.

வியாபாரிக்கான குறிப்பு என்பதால் அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எதை எண்ணினார்கள், யாரைக் கேட்டு எண்ணினார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை என்பதே என் வாதம். 1942இல் ‘ஹார்லெம் ஹிட் பரேட்’ என்ற பட்டியல் தொடங்கியது. கறுப்பின மக்களிடையே எந்தத் தட்டுகள் விற்கின்றன என்று காட்டுவது அதன் நோக்கம். அதற்குக் கணக்குக் கொடுத்தவை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த ஒரு சில கடைகள். மிசிசிப்பியிலோ டெக்சாஸிலோ ஒரு கறுப்பினத் தொழிலாளி தன் கூலியில் வாங்கிய தட்டு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. பின்னால் அந்தப் பிரிவுக்கு ‘இனத் தட்டுகள்’ என்று பெயர் வைத்தார்கள். பில்போர்டில் பணியாற்றிய ஜெர்ரி வெக்ஸ்லர் முன்மொழிந்த ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயர் 1949 ஜூனில் அதற்கு மாற்றாக வந்தது.

அந்தப் பட்டியலுக்கு நேர்ந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1963 நவம்பர் இறுதியில் ரிதம் அண்ட் புளூஸ் பாடல் பட்டியலைப் பில்போர்டு நிறுத்தியது. 1965 ஜனவரியில்தான் அது திரும்ப வந்தது. ஓராண்டுக்கும் மேலாகக் கறுப்பின மக்களின் இசைக்கென்று பில்போர்டில் பாடல் பட்டியல் இல்லை. 1964 ஏப்ரல் 4ஆம் தேதியிட்ட ஹாட் 100 பட்டியலில் முதல் ஐந்து இடங்களையும் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு பிடித்ததை உங்கள் கட்டுரை பெருமிதத்தோடு சொல்கிறது. சாதனைதான், மறுக்கவில்லை. அது நிகழ்ந்த வாரத்தில் அந்த மற்றொரு பட்டியல் இதழில் இல்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும். அந்த மாதங்களிலும் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனம் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. மக்களும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் பல ஆண்டுகள் ஒலிநாடாக் கடையில் கணக்கு எழுதியவன். கம்பெனி அனுப்பும் பெட்டிகளின் கணக்கு ஒன்று, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிப்போகும் கணக்கு வேறு. எந்தப் படத்தின் பாட்டு நன்றாகப் போகிறது என்று கல்லாவில் இருப்பவரைக் கேட்டால், அன்று காலையில் இரண்டு பேர் கேட்ட பாட்டைச் சொல்வார். இல்லாவிட்டால் தனக்குப் பிடித்ததைச் சொல்வார். அதனால்தான் 1991இல் பில்போர்டில் நடந்த மாற்றம் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. கட்டுரை அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது.

அதுவரை வாராவாரம் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எது அதிகம் விற்றது என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் முறை. பதில் சொல்லும் ஊழியரின் நினைவும் விருப்பமும் அதில் கலந்திருந்தன. இலவசத் தட்டுகளோடு கடைக்கு வந்துபோன கம்பெனிப் பிரதிநிதிகளின் செல்வாக்கும் கலந்திருந்தது. மைக் ஷாலெட், மைக் ஃபைன் இருவரும் உருவாக்கிய சவுண்ட்ஸ்கேன் முறை, பில் போடும்போது கருவி படிக்கும் கோட்டுக் குறியீட்டை வைத்தே விற்பனையைக் கணக்கிட்டது. 1991 மே 25ஆம் தேதியிட்ட ஆல்பம் பட்டியல் இந்த முறையில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையின் கலைஞர்கள் பலர் சடாரென்று மேலே ஏறினார்கள். அடுத்த மாதமே, வானொலிகள் ஒதுக்கிவைத்த என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் நுழையும்போதே முதலிடத்தில் நுழைந்தது. அமெரிக்கர்களின் ரசனை மே மாதத்தில் ஒரே வாரத்தில் மாறிவிட்டதா? இல்லை. அந்த வாங்குவோர் முன்பும் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களை எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

குறைகள் அதோடு தீர்ந்துவிடவில்லை. தனித் தட்டாகக் கடைக்கு வராத பாடலுக்கு ஹாட் 100இல் இடமில்லை என்ற விதி 1998 டிசம்பர் வரை இருந்தது. நோ டவுட் குழுவின் பாடல் ஒன்று வானொலிப் பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தும், ஹாட் 100இல் ஒரு வாரம்கூடத் தலைகாட்டவில்லை. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின ராப் பாடகரின் பாடலைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதே பாடல் ஹாட் 100இல் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

இணையக் காலத்துக் கணக்கையும் பார்ப்போம். இணையத்தில் பாடல்களை 1,500 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று 2014 டிசம்பரில் விதி வந்தது. 2018இல் அதைப் பிரித்து, சந்தா கட்டியவர் கேட்டால் 1,250 முறை, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750 முறை என்று வகுத்தார்கள். 2026 ஜனவரியில் விகிதம் மாறும்வரை, இலவசமாகக் கேட்பவர் மூன்று முறை கேட்டால்தான் சந்தாதாரர் ஒரு முறை கேட்டதற்கு ஈடானது. தொழில் செய்பவர்களுக்கு இந்தப் பாகுபாடு நியாயமாக இருக்கலாம், சந்தாவில் வருமானம் அதிகம். ஆனால் கையில் காசில்லாத பையனின் செவியை மூன்றில் ஒரு பங்காக மதிப்பிட்ட கணக்கை ‘மக்கள் தீர்ப்பு’ என்று உங்கள் பத்திரிகை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் இதழிலும் வாரந்தோறும் ‘டாப் 10’ பாடல்கள் வெளிவருகின்றன. அவை யூடியூப் பார்வைகளின்படியா, பண்பலை வானொலி ஒலிபரப்பின்படியா, அலுவலகத்தில் உள்ளவர்களின் தேர்வா என்று எங்கும் குறிப்பில்லை. எதை எண்ணினீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எண்ணினீர்கள், யாரிடமிருந்து பெற்றீர்கள் என்பதைப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். 1894 குறித்த திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட்டுவிட்டு, 1963 முதல் 1965 வரையிலான அந்த இடைவெளியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். அவருடைய நடையும் உழைப்பும் அதற்குத் தகுதியானவை.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.