கொப்பிக் கணக்கில் ஓடிய வருடம்

அன்புள்ள அக்கா,

நத்தார் வாழ்த்து கிடைத்தது. "எது வந்தாலும் எங்கள் சனம் தாங்கும்" என்று எழுதியிருந்தீர்கள். கோபிக்காதீர்கள், வாசித்ததும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ரொறன்ரோவிலிருந்து பார்க்க அப்படித்தான் தெரியும். மட்டக்களப்பில் பொருளாதார நெருக்கடி பிடித்த இந்த 2022ஐ நாங்கள் கடந்தது வீரத்தால் அல்ல, கடனால்.

பெற்றோல் வரிசையும் மார்ச் கடைசியில் வந்த 13 மணித்தியால மின்வெட்டும் நீங்கள் செய்தியில் பார்த்தவை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்றார்கள். போன வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபாய். சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது.

கரையோரத்தின் முதுகை முறித்தது, படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய். ஓகஸ்ட் 22ஆம் திகதி லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. விலை ஏறுமுன் எண்ணெய் இல்லை. ஏறிய பின் வாங்கக் காசில்லை. பக்கத்து வீட்டு அண்ணர் படகின் இயந்திரத்தைக் கழற்றிச் சாக்கால் மூடிவைத்துவிட்டு, வாவியில் தோணியை இறக்கிச் சவள் வலிக்கத் தொடங்கினார். உள்ளங்கை வெடித்து, பழைய சாரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வலிப்பார். கடலுக்குப் போனவர்கள் வாவிக்கு வந்தால், அங்கே தலைமுறையாக வலை போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? வாய்ச்சண்டை வந்தது, ஒருநாள் கைகலப்பும் வந்தது. பிறகு அவர்களே கூடிப் பேசி, இரவு ஒரு பகுதியாருக்கு, விடியற்காலை மற்றவர்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். தாங்குவது என்றால் இதுதான். பார்க்க அழகாக இருக்காது.

வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரையில் வேறு கதை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததன் பலனைப் பெரும்போக அறுவடையில் கண்டோம். வருடாவருடம் எங்களுக்கு மூட்டை அனுப்பும் மாமா வீட்டிலேயே அரிசி விலைக்கு வாங்கினார்கள். இப்போது யூரியா வந்து வயல் பச்சையாக நிற்கிறது. ஆனால் இந்த மாதம் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் விறைத்துச் செத்தன. மாமாவின் பட்டியும் தப்பவில்லை.

கடன் கொப்பிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பாதி வீடுகள் சாப்பிட்டது, நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் கடைக்காரரின் கொப்பியில்தான். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை இஸ்லாமியத் தீவிரவாதியின் குண்டுக்குப் பறிகொடுத்த பிறகு, அந்தப் பக்கக் கடைகளில் கால் வைக்கக்கூடாது என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலருடைய பெயரும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. காக்காவும் கேட்பதில்லை, பக்கத்தைப் புரட்டிச் சீனி, பருப்பு, பால்மா என்று எழுதிக்கொள்வார். அவருக்கும் மொத்த வியாபாரி கடன் கொடுத்திருந்ததால்தான் அது ஓடியது.

இந்த நத்தாருக்குக் கேக் இல்லை. முட்டை விலையைக் கேட்டால் கோழிக்கே தலைக்கனம் வந்துவிடும். அம்மா பயற்றம் பணியாரம் சுட்டார், குடிலுக்குப் போன வருட வைக்கோல், நள்ளிரவுத் திருப்பலிக்கு எல்லோரும் நடந்தே போனோம். மறுநாள் வழமைபோல டச்பாருக்கும் நாவலடிக்கும் மெழுகுதிரியோடு போக வேண்டும். சுனாமிக்கு 18 வருடமாகிவிட்டது.

கோயில் மின்விளக்குச் சோடனைக்குக் காசு அனுப்பவா என்று கேட்டிருந்தீர்கள். சோடனை வேண்டாம். அனுப்புவதில் பாதியைக் காக்காவிடம் கட்டுகிறேன்; நம் வீட்டுப் பக்கமும் இன்னும் அடைபடவில்லை. மீதியில் அண்ணருடைய இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கிக் கொடுக்கலாம். உங்கள் காசு என்று தெரிந்தால் வாங்கமாட்டார், நான் கைமாற்றாகக் கொடுத்ததாகவே இருக்கட்டும். அடுத்த முறை அவரோடு தொலைபேசியில் பேசும்போது உளறிவிடாதீர்கள்.

அன்புடன்,
தம்பி