ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தென்மாவட்டத்தில் இயங்கும் ஒரு சிறிய சுற்றுச்சூழல் அமைப்பில் சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் இளைஞர்களில் ஒருவன் நான். காற்றாலை, சூரிய மின்சாரம் பற்றிய கொள்கை, மின்கட்டண மனு, வரைவு விதிமுறை எது வந்தாலும் உட்கார்ந்து படித்து, மின்கட்டணத்தை முடிவு செய்யும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கருத்து எழுதி அனுப்புவதுதான் எங்கள் வேலை. பொருளியல் படித்தவர்கள், சட்ட மாணவர்கள், கணினிக்காரர்கள் எங்களோடு இருக்கிறார்கள். சப்-ஸ்டேஷனில் நைட் டியூட்டி பார்த்த ஒருவர்கூட நிரந்தரமாக எங்களோடு இல்லை. உங்களை எங்களோடு சேரக் கூப்பிடத்தான் இந்த மடல்.

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டைப் பக்கமும் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீசனில்தான் 'பேக் டவுன்', அதாவது உற்பத்தியைக் குறை அல்லது நிறுத்து என்ற உத்தரவும் வருகிறது. ஏன் நிறுத்தச் சொன்னார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வின் மையக் கேள்வி.

ஒருமுறை ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர் ஒருவர் ஒரே ஒரு பிற்பகல் மட்டும் வந்து உட்கார்ந்தார். நாங்கள் தொகுத்து வைத்திருந்த நிறுத்தப் பட்டியலில் விரலை வைத்து, "எல்லா சப்-ஸ்டேஷன்லயும் ஒரே நேரத்துல குறைஞ்சிருந்தா அது லோட் டெஸ்பாட்ச் முடிவு. ஒண்ணுல மட்டும் குறைஞ்சிருந்தா அங்க லைனையும் டிரான்ஸ்ஃபார்மரையும் போய்ப் பாருங்க தம்பி" என்றார். லோட் டெஸ்பாட்ச் என்பது எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று முடிவு செய்யும் மாநிலக் கட்டுப்பாட்டு மையம். பட்டியலை அன்றே இரண்டாகப் பிரித்தோம். முதல் வகைக்குத் தீர்வு, காற்று மின்சாரத்துக்கு இடம் விட்டு நிலக்கரி யூனிட்டுகளின் உற்பத்தியை இன்னும் இறக்குவதும், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துப் பிறகு மின்சாரம் எடுக்கும் காடம்பாறை மாதிரி நீரேற்று நிலையங்களைக் கூடுதலாகப் பயன்படுத்துவதும். இரண்டாவது வகைக்குப் புதிய மின்பாதையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். இரண்டும் வேறு வேறு கோரிக்கைகள், செலவுகளும் வேறு. இந்தப் பிரிவினை எந்த மனுவிலும் எழுதியிருக்காது. பல வருடம் பேனல் முன்னால் நின்றவருக்குத்தான் அது தோன்றும்.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எவ்வளவு பலம் உண்டு என்று 2021 ஆகஸ்டில் பார்த்தோம். தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்தைக் குறைக்கச் சொன்ன உத்தரவுகள் பற்றிய வழக்கில், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கிரிட் எனும் மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்தக்கூடாது என்றது. பேக் டவுன் பதிவுகளை நேரம் நேரமாக எடுத்து ஆராய்ந்ததுதான் அந்த வழக்கில் முக்கியமான சான்று. அதைச் செய்தது மத்திய கிரிட் நிறுவனம். எங்களைப் போன்ற அமைப்புகளும் அந்தத் தரத்தில் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் நிறையக் கேள்விகள் காத்திருக்கின்றன. நிலக்கரி யூனிட்டுகளை முழுத் திறனில் 55 சதவீதம் வரை, படிப்படியாக 40 சதவீதம் வரை இறக்கி ஓட்ட வேண்டும் என்று 2023-இல் மத்திய மின்சார ஆணையம் விதி போட்டது. தூத்துக்குடியின் பழைய 210 மெகாவாட் யூனிட்டில், துணைக்கு எண்ணெய் விட்டு எரிக்காமல் அவ்வளவு குறைந்த சுமையில் கொதிகலனில் தீ அணையாமல் நிற்குமா? அங்கே ஷிப்ட் பார்த்தவர் ஒருவர் சொன்னால் எங்கள் பத்து பக்கக் கருத்தைவிட அது மேல். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024-இல் மாநில அரசு கொள்கை கொண்டுவந்தது. முப்பந்தலில் 250 கிலோவாட் இயந்திரம் நிற்கும் இடத்தில் 2 மெகாவாட் இயந்திரம் வந்தால் அந்த மின்பாதை தாங்குமா? விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை, கட்டண மனுவில் அவை செலவழிக்கும் மின்சாரக் கணக்கு ஒரு மதிப்பீடுதான். அந்த மதிப்பீட்டை ஃபீடர் வாரியாக, அதாவது சப்-ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு மின்பாதை வாரியாக, எப்படிச் சரிபார்ப்பது?

தயக்கம் இருக்கும், புரிகிறது. வாரியத்தை எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடுமோ, பென்ஷனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று சிலர் என்னிடமே கேட்டார்கள். ரகசியக் காகிதம் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம். பொதுவில் வெளியான ஆவணத்தைத்தான் படிக்கிறோம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64, கட்டண உத்தரவுக்கு முன் பொதுமக்களின் ஆலோசனையையும் ஆட்சேபனையையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடந்த கருத்துக்கேட்பில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேச முடிந்தது. வாரியம் கடனில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து எங்களைவிட உங்களுக்குத்தான் அதிக வலி இருக்கும். வாரியம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள்தான் எங்களுக்கும் வேண்டும்.

பெண் பொறியாளர்களையும் குறிப்பாகக் கூப்பிடுகிறேன். வருவாய்ப் பிரிவிலும் மீட்டர் சோதனைக் கூடத்திலும் இருந்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

பஸ் செலவும் டீயும் தவிர எங்களால் எதுவும் தர முடியாது. வாரத்தில் ஒரு பிற்பகல் போதும். டைப் அடிப்பது, ஆங்கிலத்தில் எழுதுவது, பக்கம் தேடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. நீங்கள் கேள்வி கேளுங்கள், எங்கள் வரைவில் தப்பைக் காட்டுங்கள். உங்கள் ஊரில் இப்படி ஓர் அமைப்பு இல்லையென்றால் பழைய சகாக்கள் நான்கு பேர் சேர்ந்து நீங்களே கருத்து எழுதி ஆணையச் செயலாளருக்கு அனுப்பலாம். அதற்கு வக்கீல் வேண்டாம். அனுப்பியதில் ஒரு நகலை எங்களைப் போன்றவர்களுக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரவை எதிர்பார்க்கும் ஒரு தன்னார்வலர்