விடுமுறைக்கு எந்தப் பிளாட்ஃபார்மர் வாங்கலாம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே தேக்காவில் உள்ள எங்கள் கடையில் ஒரே கேள்விதான்: "நல்ல இண்டி பிளாட்ஃபார்மர் ஒன்று சொல்லுங்களேன்." சிறு குழுக்கள் உருவாக்கும் இந்தத் தாவல் வீடியோ விளையாட்டுகளை அட்டைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். விழுந்தால், தோற்றால், அது உங்களிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று முதலில் கேளுங்கள். பாதியில் மூலையில் போடுவதும், முடிக்கும்வரை விளையாடுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

2018இல் வந்த செலெஸ்ட் என்ற விளையாட்டில் விழுந்தால் சில நொடிகள்தான் வீண். பெரும்பாலும் அதே திரையின் தொடக்கத்தில் உடனே எழுந்து நிற்பீர்கள். விளிம்பைத் தாண்டிக் கால் போன பிறகும் இமைப்பொழுது தாவ விடுகிறது. அதனால் எவ்வளவு விழுந்தாலும் விளையாட்டின் மேல் கோபம் வராது. உதவி முறையை இயக்கினால் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலேகூட ஆடலாம். அதைப் பயன்படுத்தப் பிள்ளைகள் கூச்சப்பட வேண்டாம். படைத்தவர்களே விரும்பி வைத்த வசதி அது. குறை என்றால், பிற்பகுதி விரல்களை நோகடிக்கும். கதை மனப்பதற்றத்தைப் பற்றியது என்பதால் தொடக்கநிலைப் பிள்ளைகளைவிட உயர்நிலை மாணவர்களுக்கே அதிகம் ஒட்டும்.

ஹாலோ நைட் நேர் எதிர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னஞ்சிறு குழு செய்து 2017இல் வெளியிட்டது. செத்தால் கையிலிருந்த காசெல்லாம் செத்த இடத்திலேயே தங்கிவிடும். கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் மறுபடி எழுந்து, அங்கிருந்து திரும்ப நடந்துபோய், செத்த இடத்தில் நிற்கும் உங்கள் நிழலை வென்று மீட்க வேண்டும். வழியில் மறுபடி செத்தால் அந்தக் காசு போனது போனதுதான். ஒவ்வொரு பகுதியின் வரைபடத்தையும் தேடித்தான் வாங்க வேண்டும். வேலை முடிந்து இரவில் அரைமணி நேரம் ஆடுபவர்களுக்கு இது நிச்சயம் எரிச்சலூட்டும். ஆனால் நேரம் உள்ளவர்களுக்கு, வழி தவறி அலைவதே சுகமாக இருக்கும் இப்படி ஓர் உலகம் எங்கள் அலமாரியில் வேறில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

அண்ணன் தம்பி சேர்ந்து ஆட வேண்டுமா? கப்ஹெட் எடுங்கள். 1930களின் கார்ட்டூன் பாணியில் கையால் வரைந்த படங்கள் கொள்ளை அழகு. தாவலைவிடச் சுடுவதும் பெரிய எதிரிகளோடு மோதுவதும்தான் இதில் அதிகம். கடைசிக் கட்டத்தில் தோற்றாலும் அந்தச் சண்டையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எளிய நிலையில் மட்டுமே ஆடினால் இறுதி எதிரிகளை எட்டவும் முடியாது. பிள்ளை அழுதுவிடும், முன்பே சொல்லி வையுங்கள்.

சூப்பர் மீட் பாய் (2010) குட்டிக் குட்டிக் கட்டங்கள், மின்னல் வேகம், கொஞ்சமும் இரக்கம் கிடையாது. லிம்போ (2010) சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். அதில் சிறுவன் சாகும் விதங்கள் கொடூரமானவை.

சரி, இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? கடைக்கு வந்து கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள், காசு வேண்டாம். பெற்றோர் பிள்ளையோடு வந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறு மாலையில் கூட்டம் அதிகம், வார நாளில் வாருங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்