மானைச் சுமந்து வந்த பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார், பேசுகிறார், உப்பில்லாத சாப்பாட்டை வேளா வேளைக்குத் திட்டுகிறார். போனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாராவது விட்டுப்போயிருந்தால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். கொலராடோவில் மீக்கர் மலைக்கு மகளோடு மான் வேட்டைக்குப் போன இடத்தில், அன்று மதியம் இவர் திடீரென்று உடம்புக்கு முடியாமல் சுருண்டு விழுந்தது உங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வழிகாட்டிக்கு முதல் நன்றி. கொலராடோவில் வேட்டைக்குக் கூட்டிப்போகிற வழிகாட்டி முதலுதவிச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஏதோ காகிதம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருந்த கைகள்தான் இன்று இவரை எனக்கு எதிரே உட்கார வைத்திருக்கின்றன. சாட்டிலைட் கருவியில் உதவி கேட்ட இவருடைய ஆபீஸ் நண்பர், அந்த நண்பரின் எழுபது வயது அப்பா, சரிவில் ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாததால் தார்ப்பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு சமதளம் வரைக்கும் இறங்கிய கொழுந்தனார், கேம்ப் டென்ட்டில் என்னையும் ஓரகத்தியையும் பிடித்து உட்கார வைத்துச் சூப் குடிக்கவைத்த சமையல்காரம்மா, கவுண்டி ஷெரிப் அலுவலகத்தில் வயர்லெஸ்ஸை விட்டு நகராத அந்தப் பெண், எல்லோருக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன். மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் டயர் கடை வைத்திருக்கிறார். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள், பில் அனுப்புவதில்லை. (ஹெலிகாப்டருக்கு வந்த பில் வேறு கதை.) கிராண்ட் ஜங்ஷன் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ்கள், ஃபோர்ட் காலின்ஸில் எங்கள் வீட்டுச் சாவியை வாங்கி நாய்க்குச் சோறு வைத்த பக்கத்து வீட்டார், மிளகு ரசத்தைத் தெர்மாஸில் ஊற்றிக்கொண்டு மலை தாண்டி வந்த தமிழ் நண்பர்கள், மதுரையில் மாமியாரிடம் பக்குவமாக விஷயத்தைச் சொன்ன நாத்தனார். ஒருவரையும் மறக்கவில்லை. தனித்தனியாக வந்து பார்ப்பேன்.

இதில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அவரை உங்களில் பலருக்குத் தெரியாது.

அன்று எல்லோரும் என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மானை யாரும் பார்க்கவில்லை. அது என் மகளின் மான்.

அவளுக்குப் பதினாலு வயது. கொலராடோவில் பன்னிரண்டு வயது ஆனால் மான் வேட்டைக்குப் போகலாம். ஆனால் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், கூடவே பயிற்சி முடித்த பெரியவர் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அப்பாவும் மகளும் அந்த வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதினார்கள். அவளுக்குத்தான் மார்க் அதிகம், அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். ஏப்ரலில் டேக்குக்கு, அதாவது ஒரு மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டுக்கு, விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் பெயர் வந்து, கோடை முழுக்கச் சுடும் பயிற்சிக்குப் போய், நவம்பரில்தான் மலை ஏறினார்கள். வொயிட் ரிவர் பக்கத்து மியூல் மான்கள் பெயர் போனவை. நாங்கள் கேம்ப் போட்ட முதல் சாயங்காலமே நானும் பார்த்தேன். சேஜ் புதருக்கு மேல் முதலில் இரண்டு பெரிய காதுகள்தான் தெரிந்தன, அப்புறம் மெதுவாக முகம். பயந்தால் நான்கு காலையும் ஒன்றாகத் தூக்கித் துள்ளித் துள்ளிப் போகிறது. நம் புள்ளிமான் ஓட்டம் மாதிரி இல்லவே இல்லை.

அவள் சுட்டது சின்ன ஆண் மான். இரண்டு பக்கமும் கொம்பு ஒரு தடவை கவடு பிரிந்திருந்தது. அங்கே ஒரு பக்கத்தை மட்டும்தான் எண்ணுவார்கள், அதனால் அது ‘டூ பாயிண்ட்’. டேக்கில் கையெழுத்துப் போட்டுக் கொம்பில் கட்டியாயிற்று. வழிகாட்டி கத்தியை எடுத்து விரித்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

ஆஸ்பத்திரியில் அவள் வாயே திறக்கவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன ராத்திரி, நான் அழுது முடித்த பிறகு, மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, அந்த மான் இன்னும் அங்கேயே கிடக்குதா?”

வேட்டையாடிய இறைச்சியை அப்படியே விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். அவள் கேட்டது அதற்காக இல்லை. கொன்றால் சுமந்து வரணும், சாப்பிடணும், அதற்கு மனசில்லை என்றால் சுடவே கூடாது என்று வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓநாய் நரி தின்றிருக்கும், சும்மா கொன்னுட்டேன், நான் சுட்டதாலதான் அப்பாவுக்கும் இப்படி ஆச்சு என்று அவளுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நான் என்ன பதில் சொல்ல?

மறுநாள் வழிகாட்டி போன் செய்தார். “ஒருத்தர் உங்களைப் பார்க்க வருகிறார், கீழே கார் நிறுத்துமிடத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்றார்.

சேறு படிந்த டிரக். அதிலிருந்து வயதான ஒருவரும் கல்லூரி போகிற வயதில் அவருடைய பேரனும் இறங்கினார்கள். பின்னால் இரண்டு பெரிய கூலர். எங்களுக்கு எதிர் மலையில் வேட்டைக்கு வந்திருந்தவர்களாம். அவர்கள் கூட்டத்தில் இரண்டு பேர் தார்ப்பாயைப் பிடிக்க ஓடி வந்தது கொழுந்தனாருக்கு ஞாபகம் இருந்தது. இவர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் போயிருக்கிறார்கள், மான் கிடந்த இடத்துக்கு. அடுத்தவர் டேக் கட்டிய மானைத் தொடலாமா என்று சந்தேகம் வந்து, சிக்னல் கிடைக்கிற மேடு வரைக்கும் ஏறி, வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர் சரி என்ற பிறகு தலைவிளக்கு வெளிச்சத்தில் தோலுரித்து, நான்கு காலையும் முதுகுச் சதையையும் உள்சதையையும் தனித்தனித் துணிப் பையில் போட்டு முதுகில் சுமந்து இறங்கியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க மரத்தில் தொங்கவிட்டு ஆறவைத்தார்கள். தலையை நோய்ப் பரிசோதனைக்காக மீக்கரில் உள்ள வனவிலங்கு அலுவலகத்தில் என் மகள் பெயரில் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் இந்த 100 மைல் ஓட்டம்.

இது மட்டும் என்றாலே இந்த மடல் எழுதியிருப்பேன். பெரியவர் என்னிடம் இரண்டு வார்த்தைதான் பேசினார். டிரக்கின் பின்பலகையை இறக்கி அதில் என் மகளை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். குண்டு எங்கே நுழைந்தது, எங்கே வெளியே போனது என்று விரலால் தன் விலாவிலேயே தொட்டுக் காட்டினார். இரண்டு நுரையீரலும் போயிருந்தது, நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு கூட அது வைக்கவில்லை, இத்தனை வருஷத்தில் நான் சுட்டதில் பாதி இவ்வளவு சுத்தம் இல்லை என்றார். அவளைத் தேற்றுகிற குரலே இல்லை. ஒரு வேட்டைக்காரர் இன்னொரு வேட்டைக்காரரிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

அப்புறம் சொன்னதுதான் விஷயம். அவர்கள் ஸ்கோப் வழியாக எங்கள் சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். “நீ சுட்டதும் உன் அப்பா ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார், பார்த்தாயா? நீ மானையே பார்த்துக்கொண்டிருந்தாய், பார்த்திருக்கமாட்டாய். நான் பேரனைக் கூப்பிட்டு, அந்த மனுஷனைப் பார், இவ்வளவு சந்தோஷமான ஆளை இந்த மலையில் நான் பார்த்ததில்லை என்று காட்டினேன்.” தொப்பி ஒரு ஜூனிப்பர் மரத்தில் மாட்டிக்கொண்டிருந்ததாம். பேரன் டிரக் கதவைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தான்.

என் மகள் அப்போதுதான் அழுதாள், ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் தடவையாக. அவர் எதுவும் சொல்லவில்லை, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பெட்ரோலுக்குக் கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார். மெஷின் காபி மட்டும் குடித்தார், அது நன்றாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை. நல்ல பகுதிக்கு டேக் கிடைக்க அங்கே வருஷக்கணக்கில் விண்ணப்பம் போட்டு முன்னுரிமைப் பாயிண்ட் சேர்க்க வேண்டும். அப்படிக் கிடைத்த அவருடைய டேக் சீசன் முடிகிற வரை கட்டப்படவே இல்லை என்று வழிகாட்டி பிறகு சொன்னார். எங்களுக்காகச் செலவழித்த நாட்கள் திரும்பி வராதே.

நம் ஆட்கள் சிலர் வருத்தத்தோடும் சிலர் கோபத்தோடும் கேட்டீர்கள், அமெரிக்கா போய் மானைச் சுடவா என்று. நியாயமான கேள்விதான். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் ஜெயில், அது அப்படியே இருக்கட்டும். இங்கே எந்த மலையில் எத்தனை மான், எத்தனை டேக் என்று கணக்கெடுத்துத்தான் கொடுக்கிறார்கள். லைசென்ஸ் பணமும், துப்பாக்கி தோட்டா மேல் வாங்குகிற வரியும் 1937 சட்டப்படி அந்தக் காட்டு உயிர்களுக்கே போகின்றன. இதையெல்லாம் சொல்லி உங்களை மாற்ற வரவில்லை. நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் கோயிலில் கிடா வெட்டினால், படுத்த படுக்கையாக இருக்கிறவர் வீட்டுக்கும் ஒரு கூறு எடுத்து வைத்து, யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் கூறைத் தோளில் சுமந்து இறங்கியதைக் கேட்டபோது, அந்த மலை எனக்கு அந்நியமாகப் படவில்லை.

இவர் அடுத்த வருஷமும் போவேன் என்கிறார். டாக்டர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம். போனாலும் போகாவிட்டாலும் ஒன்று முடிவாகிவிட்டது. நவம்பரில் எங்கள் வண்டியில் முதுகில் மாட்டும் சுமைச் சட்டகம் ஒன்றும், துணிப் பைகளும், காலியான கூலரும் கூடுதலாக இருக்கும். யாருடைய மானாவது மலையிலேயே கிடந்துபோனால் எங்களைக் கூப்பிடச் சொல்லி வழிகாட்டியிடம் நம்பர் கொடுத்தாயிற்று. கொழுந்தனார் முதலுதவி வகுப்பில் சேர்ந்துவிட்டார். நானும் சேர்கிறேன்.

நேற்று பரிசோதனை முடிவு வந்தது. மான்களின் மூளையைத் தின்கிற அந்தச் சி.டபிள்யூ.டி. நோயை 1967-இல் முதலில் கண்டது நாங்கள் குடியிருக்கிற இதே ஃபோர்ட் காலின்ஸ் பக்கத்தில்தான். அதனால் முடிவு வரும்வரை ஒரு துண்டைக்கூட நான் வெளியே எடுக்கவில்லை. நோய் இல்லை என்று வந்துவிட்டது. முதுகுச் சதை முழுக்கப் பெரியவருக்குப் போகிறது, மிளகுப் பொடியும் கூட அனுப்புகிறேன், அதை என்ன செய்வாரோ தெரியாது. மீதியில் வேண்டுகிறவர்கள் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தொடைக் கறி குழம்புக்கு நன்றாக இருக்கும், நிறைய நேரம் வேகவிட வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்தோடும் என் மகளின் பெயர், லைசென்ஸ் நம்பர், தேதி, எடை எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று தருவாள். அதைத் தொலைத்துவிடாதீர்கள். இறைச்சியைத் தானமாகக் கொடுத்தால் சீட்டு வேண்டும் என்பது இங்கே சட்டம், அவள் அந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு.